டி ஃபாக்டோ, டி ஜூரே: புதுச்சேரியின் இரண்டு கைமாற்றங்கள்

புதுச்சேரி அரசின் விடுமுறைப் பட்டியலில் ஆகஸ்ட் 15-க்கு மறுநாளும் இடம்பெற்றிருக்கிறது. அந்த நாளின் ஆங்கிலப் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பது 'டி ஜூரே' என்ற லத்தீன் தொடர். தமிழ்ச் செய்தித்தாள்கள் 'சட்டப்பூர்வ பரிமாற்ற நாள்' என்று எழுதுகின்றன. நவம்பர் 1 இன்னொரு விடுமுறை; அது விடுதலை நாள். ஒரே நிலப்பரப்பு இந்தியாவோடு சேர்ந்ததற்கு இப்படி இரண்டு தேதிகள். 1954 நவம்பர் 1 அன்று நடந்தது 'டி ஃபாக்டோ' பரிமாற்றம், 1962 ஆகஸ்ட் 16 அன்று நடந்தது 'டி ஜூரே' பரிமாற்றம். இரண்டுக்கும் நடுவே எட்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலம். சட்டப் புத்தகங்களில் மட்டுமே தட்டுப்படும் சொற்கள் என்று பலரும் நினைக்கும் இந்த ஜோடி, வில்லியனூரிலும் பாகூரிலும் வாழ்ந்த குடும்பங்கள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்பதையே முடிவு செய்திருக்கிறது.

'டி ஃபாக்டோ' என்றால் நடைமுறையில், நடப்பில் உள்ளபடி என்று பொருள். 'டி ஜூரே' என்றால் சட்டப்படி, உரிமைப்படி. முதல் தொடரில் உள்ள லத்தீன் வேர்ச்சொல் செய்யப்பட்டதை, நடந்துவிட்டதைக் குறிக்கும். இரண்டாவதில் உள்ளது சட்டத்தையும் உரிமையையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று எதிராக நிறுத்தியே ஆளப்படுகின்றன. அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, யார் கையில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் ஒரே விடை கிடைக்கும்போது இந்தச் சொற்களுக்கு வேலையே இல்லை. விடை வேறுபடும் இடத்தில்தான் வழக்கறிஞர்கள் லத்தீனைத் தேடுகிறார்கள்.

கிராமத்தில் நிலத்தகராறு பார்த்தவர்களுக்கு இது புதிய சங்கதி இல்லை. பட்டா அண்ணன் பேரில் இருக்கும், நிலம் தம்பியின் அனுபவத்தில் இருக்கும். நெல்லை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோவது தம்பி. வங்கியில் கடன் கேட்டுப் போனால் கையெழுத்துப் போட வேண்டியவர் அண்ணன். அனுபவம் டி ஃபாக்டோ, பட்டா டி ஜூரே. இதில் தம்பியின் அனுபவத்தைத் திருட்டு என்று சொல்லிவிட முடியாது என்பதும் கவனிக்க வேண்டியது. அண்ணனே மனமுவந்து விட்டுக்கொடுத்திருக்கலாம். 'டி ஃபாக்டோ' என்ற சொல்லுக்கு 'சட்டவிரோதம்' என்று பொருள் கொள்வது பரவலான பிழை. சட்டத்தின் முத்திரை இன்னும் விழவில்லை என்பதைத் தாண்டி அந்தச் சொல் எதையும் சொல்வதில்லை. 1954-இல் புதுச்சேரியில் நடந்ததும் அப்படித்தான்: பிரான்சு தன் ஒப்புதலோடு நிர்வாகத்தைக் கொடுத்தது, பத்திரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டது.

வில்லியனூருக்கும் பாகூருக்கும் இந்தப் பத்திர விவகாரம் அதற்கு இருநூறு ஆண்டு முன்பே தொடங்கிவிட்டது. 1749-இல் கர்நாடக நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப், தனக்குத் துணை நின்ற பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு இந்த இரு வட்டாரங்களையும் அளித்தார். அடுத்து வந்த போர்களில் அவை கைமாறிக்கொண்டே இருந்தன. 1783-இல் இங்கிலாந்தும் பிரான்சும் செய்துகொண்ட வெர்சாய் உடன்படிக்கையில், புதுச்சேரியைச் சுற்றிய சார்பு நிலங்களாக வில்லியனூரையும் பாகூரையும் பிரான்சுக்குப் பெற்றுத்தர இங்கிலாந்து ஒப்புக்கொண்டது. ஐரோப்பாவின் பெரிய உடன்படிக்கை ஒன்றில் இந்த இரண்டு ஊர்களின் பெயரும் எழுதப்பட்டிருக்கின்றன. பிறகு பிரெஞ்சுப் புரட்சி, நெப்போலியன் போர்கள். மறுபடியும் எல்லாம் ஆங்கிலேயர் வசம். 1814-இல் பாரிசு உடன்படிக்கை பிரான்சுக்குத் திருப்பித்தரச் சொன்னது. ஊர் உண்மையில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததோ 1816 டிசம்பரில். காகிதத்துக்கும் களத்துக்கும் அப்போதே இரண்டு ஆண்டு இடைவெளி.

1947-இல் ஆங்கிலேயர் வெளியேறியபோது பிரெஞ்சு இந்தியாவில் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், வங்காளத்தின் சந்திரநாகூர் ஆகிய ஐந்தும் இருந்தன. மக்களின் விருப்பத்தைக் கேட்டு முடிவு செய்வது என்று 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் உடன்பட்டன. அதன்படி வாக்கெடுப்பு நடந்தது சந்திரநாகூரில் மட்டும். 1949 ஜூன் 19 அன்று அங்கே மிகப் பெரும்பாலோர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். 1950 மே 2 அன்று டி ஃபாக்டோ பரிமாற்றம், 1952 ஜூன் 9 அன்று டி ஜூரே பரிமாற்றம். இரண்டாண்டில் காரியம் முடிந்தது. புதுச்சேரிக்குக் கிடைத்த முன்மாதிரி அதுதான். ஆனால் இங்கே இழுபறி நீண்டது.

புதுச்சேரிப் பகுதியின் நிலப்படத்தைப் பார்த்தால் இழுபறிக்கு ஒரு காரணம் புரியும். ஒரே துண்டாக அமையாமல், தென்னார்க்காடு மாவட்டத்துக்குள் சிதறிக் கிடந்த திட்டுகளின் தொகுப்பு அது. ஒரு பிரெஞ்சு ஊரிலிருந்து இன்னொரு பிரெஞ்சு ஊருக்குப் போக நடுவே இந்திய ஊர் ஒன்றைக் கடக்க வேண்டியிருக்கும். இன்றும் பாகூர்ப் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் சிறிது தூரத்துக்குள் தமிழ்நாட்டுப் பெயர்ப் பலகையையும் புதுச்சேரிப் பெயர்ப் பலகையையும் மாறி மாறிப் பார்க்கலாம். சுங்கச் சோதனையும் காவலும் இறுகிய 1950-களின் தொடக்கத்தில் இந்த ஊர்களின் அன்றாடம் பெரிதும் அவதிப்பட்டது. பிரெஞ்சு நிர்வாகத்தின் அடிப்படை அலகு கொம்யூன். 1880-ஆம் ஆண்டு ஆணைப்படி ஒவ்வொரு கொம்யூனுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் மேயரும் உண்டு. இந்தச் சிற்றூர் மேயர்கள்தாம் கதையின் திருப்பத்தைக் கொண்டுவந்தார்கள்.

1954 மார்ச்சில் புதுச்சேரி நகரும் சுற்றுவட்டக் கொம்யூன்களும் வாக்கெடுப்பு இல்லாமலேயே இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் போட்டன. அதுவரை பிரெஞ்சு ஆதரவாளராக அறியப்பட்ட அரசியல் தலைவர் எதுவார் குபேர் அணி மாறினார். மார்ச் மாத இறுதியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏற்றப்பட்டது. அங்கிருந்து ஒரு தற்காலிக அரசு செயல்படத் தொடங்கியது. சில மாதங்களுக்கு நெட்டப்பாக்கத்தில் பிரெஞ்சு அரசின் ஆணை செல்லவில்லை, இந்திய அரசின் ஆணையும் முறைப்படி வந்து சேரவில்லை. 'டி ஃபாக்டோ அரசு' என்பதற்குச் சட்டக்கல்லூரி எடுத்துக்காட்டு தேடினால் இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது.

அடுத்த கட்டம் வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் நடந்தது. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் சட்டமன்ற, நகராட்சி மன்ற உறுப்பினர்கள் 178 பேர் அந்தச் சிற்றூரில் கூடி வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவாக 170 வாக்கு, எதிராக 8. மக்களிடம் நேரடியாகக் கேட்காமல் அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களிடம் கேட்டதால் இதைப் பொதுவாக்கெடுப்பு என்று சொல்வதற்கில்லை. ஆனால் மக்களின் இசைவு இல்லாமல் நிலத்தைக் கொடுப்பது செல்லாது என்று பிரெஞ்சு அரசியல் சட்டம் சொன்னது. கீழூர் வாக்கெடுப்பு அந்த இசைவின் இடத்தை நிரப்பியது. மூன்றே நாளில், அக்டோபர் 21 அன்று, புது தில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. கேவல் சிங் முதல் தலைமை ஆணையர் ஆனார். கீழூரில் இன்று நினைவிடம் ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று அங்கே அரசு சார்பில் கொடியேற்றுகிறார்கள். வாக்கெடுப்பு நடந்த அக்டோபர் மாதத்தை விட்டுவிட்டு ஆகஸ்டில் கொண்டாடுவது சற்று வேடிக்கைதான்.

ஆட்சி மாறியாயிற்று. காவல் நிலையம், தபால் நிலையம், வரி எல்லாம் இந்திய அரசின் பொறுப்பு. ஆனால் இந்திய அரசு எந்தச் சட்டத்தின் கீழ் இந்த மண்ணை ஆண்டது? வெளிநாட்டு அதிகார வரம்புச் சட்டம், 1947. இந்தியாவுக்கு வெளியே உள்ள ஓர் இடத்தில், உடன்படிக்கை வழியாகவோ வேறு வழியாகவோ இந்திய அரசுக்கு அதிகாரம் கிடைத்திருந்தால் அதை எப்படிச் செலுத்துவது என்று சொல்லும் சட்டம் அது. வில்லியனூர் ஏரிக்கரையில் இந்தியக் காவலர் ரோந்து போனார். சட்டப் புத்தகத்தின்படி அவர் நின்றது வெளிநாட்டில். இந்திய நாடாளுமன்றச் சட்டங்கள் தாமாக இங்கே வந்து சேரவில்லை. ஒவ்வொன்றையும் தனி ஆணை போட்டு நீட்டிக்க வேண்டியிருந்தது. 1957-லும் 1962-லும் நாடு முழுவதும் மக்களவைத் தேர்தல் நடந்தபோது புதுச்சேரிக்கு அதில் இடம் கிடையாது. உள்ளூர்ச் சட்டமன்றத்துக்கு மட்டும் 1955, 1959 ஆண்டுகளில் தேர்தல் நடந்தது.

இந்த நிலையின் கூர்முனை 1962-இல் உச்ச நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. மஸ்தான் சாகிப் எதிர் புதுச்சேரி தலைமை ஆணையர் என்று சட்ட ஏடுகளில் பதிவான வழக்கு அது. விவகாரம் என்னவோ சாதாரணமானதுதான்: பேருந்து ஓட்டும் உரிமம். உரிமம் பற்றித் தலைமை ஆணையர் போட்ட உத்தரவை எதிர்த்துப் பேருந்து அதிபர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். விசாரணையில் எழுந்த முதல் கேள்வி வேறாக இருந்தது. புதுச்சேரி இந்தியாவின் ஆட்சிப்பரப்புக்குள் இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் அங்கே போடப்பட்ட உத்தரவை ரத்து செய்ய இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு என்ன அதிகாரம்? நீதிமன்றம் இதை மத்திய அரசிடமே கேட்டது. நிர்வாகம் முழுவதும் எங்களிடம்தான் இருக்கிறது, ஆனால் புதுச்சேரி இந்திய ஆட்சிப்பரப்பின் பகுதி ஆகவில்லை என்ற கருத்தில் அரசு பதில் சொன்னது. நீதிமன்றம் அதை ஏற்று, மனுக்கள் நிலைக்கத்தக்கவை அல்ல என்று 1962 ஏப்ரலில் முடித்துவிட்டது. பேருந்து அதிபர்களின் பக்கம் நியாயம் இருந்ததா என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகவில்லை. தீர்ப்பு நான்கு மாதம் தாமதித்திருந்தால் அந்த முதல் கேள்வியே எழுந்திருக்காது. டி ஃபாக்டோவுக்கும் டி ஜூரேவுக்கும் உள்ள வேறுபாடு பண்டிதர்களின் சொல் விளையாட்டு என்று நினைப்பவர்கள் இந்த வழக்கை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

தாமதம் யாரால்? முழு இறையாண்மையை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை 1956 மே 28 அன்று தில்லியில் கையெழுத்தானது. இந்தியாவின் சார்பில் நேருவும், பிரான்சின் சார்பில் தூதர் ஒஸ்ட்ரோரோக்கும் கையெழுத்திட்டார்கள். பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். அந்த நேரத்தில் பிரான்சு அல்ஜீரியாவில் போர் நடத்திக்கொண்டிருந்தது. கடல் கடந்த நிலம் எதையும் விட்டுக்கொடுக்கும் பேச்சை எடுக்கவே பாரிசில் எந்த அரசும் விரும்பவில்லை. நடுவில் 1958-இல் அரசியல் சட்டமே மாறிவிட்டது. 1962 ஜூலை தொடக்கத்தில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதே மாதத்தில் புதுச்சேரி உடன்படிக்கைக்கும் ஒப்புதல் கிடைத்தது. ஆகஸ்ட் 16 அன்று ஒப்புதல் பத்திரங்களை இரு நாடுகளும் பரிமாறிக்கொண்டன. அன்று பாகூர் வயலில் எதுவும் மாறவில்லை. அதே காவல் நிலையம், அதே அதிகாரிகள். மாறியதெல்லாம் பத்திரத்தில் இருந்த பெயர்.

அந்த உடன்படிக்கையின் வாசகத்தைக் கூர்ந்து படித்தால் ஒரு நுட்பம் தெரியும். அது இரண்டு தேதிகளையும் கையாள்கிறது, ஒவ்வொன்றையும் வேறு வேறு காரியத்துக்கு. புதுச்சேரிக்கு 1954 நவம்பர் 1-க்கு முன்பு இருந்த தனி நிர்வாகத் தகுதி தொடரும், அதை மாற்றுவதானால் மக்களின் விருப்பத்தை அறிந்தே மாற்ற வேண்டும் என்கிறது இரண்டாம் பிரிவு. இங்கே அளவுகோல் டி ஃபாக்டோ தேதி. குடியுரிமை பற்றிய நான்காம் பிரிவு முதல் அளவுகோல் மாறிவிடுகிறது. உடன்படிக்கை நடைமுறைக்கு வரும் நாள், அதாவது 1962 ஆகஸ்ட் 16, கணக்கில் வருகிறது.

குடியுரிமைக் கணக்கு இப்படி. புதுச்சேரிப் பகுதிகளில் பிறந்து, அந்த நாளில் அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள, திருமணமாகாத பிள்ளைகளுக்குத் தகப்பனாரின் அறிவிப்பே பொருந்தும். தகப்பனார் இல்லையென்றால் தாயாருடையது. புதுச்சேரியில் பிறந்து அந்த நாளில் வேறு நாடுகளில் குடியிருந்தவர்களுக்கு விதி தலைகீழ்: அவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே நீடித்தார்கள், இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால் அவர்கள்தாம் கேட்டுப் பெற வேண்டும்.

பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோனுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போனவர்கள் இந்தப் பகுதியில் உண்டு. பிரெஞ்சுச் சொல்லை ஒட்டி 'சொல்தா' என்றே புதுச்சேரித் தமிழில் அவர்களைக் குறிப்பிடுவார்கள். அண்ணன் வெளிநாட்டில் பணியில், தம்பி வில்லியனூரில் விவசாயத்தில் என்று ஒரு குடும்பம் இருந்ததாக வைத்துக்கொண்டால், அண்ணன் எதுவும் செய்யாமலே பிரெஞ்சுக்காரர், தம்பி எதுவும் செய்யாமலே இந்தியர். தம்பி அந்த ஆறு மாதத்தில் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அவருடைய பேரப்பிள்ளைகளின் கடவுச்சீட்டு இன்று வேறாக இருந்திருக்கும். 1954-ஐ அளவுகோலாக எடுத்திருந்தால் இந்தப் பட்டியல் வேறுமாதிரி அமைந்திருக்கும், ஏனெனில் இடைப்பட்ட ஆண்டுகளில் போனவர்கள் உண்டு, திரும்பியவர்களும் உண்டு.

இந்தியத் தரப்பில் எஞ்சிய வேலைகளும் ஒவ்வொன்றாக முடிந்தன. அரசியல் சட்டத்தின் 14-ஆம் திருத்தம் 1962 டிசம்பர் இறுதியில் நிறைவேறினாலும், புதுச்சேரியை 1962 ஆகஸ்ட் 16 முதலே ஒன்றியப் பகுதியாகக் கணக்கில் வைத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் வரம்பு புதுச்சேரிக்கும் நீண்டது. 1963-இல் சட்டமன்றமும் அமைச்சரவையும் வந்தன. முதல் முதலமைச்சர் அதே குபேர். அதற்குப் பிறகும் பிரெஞ்சுச் சட்டத்தின் ஒரு கீற்று மிச்சம் இருக்கிறது. தம் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்ள 1881-ஆம் ஆண்டு ஆணை ஒன்று இடம் தந்தது. அப்படித் துறந்தவர்களை 'ரெனோன்சான்' என்பார்கள். இந்து திருமணச் சட்டமும் இந்து வாரிசுரிமைச் சட்டமும் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது, ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்ற விதிவிலக்கும் சேர்க்கப்பட்டது. பிரான்சு போய்விட்டது, அதன் சட்டம் சில குடும்பங்களுக்கு இந்தியச் சட்டத்தின் அனுமதியோடு டி ஜூரேவாகவே தொடர்கிறது.

மற்ற இடங்களில் இந்த வேறுபாடு எப்படிக் கையாளப்பட்டது என்று பார்ப்பதும் பயன்தரும். கோவாவில் 1961 டிசம்பரில் இந்தியப் படை நுழைந்தது. இந்திய நாடாளுமன்றம் காத்திருக்கவில்லை. அரசியல் சட்டத்தைத் திருத்தி உடனே கோவாவைச் சேர்த்துக்கொண்டது. இந்தியச் சட்டத்தின் கண்ணில் கோவாவுக்கு இடைக்காலமே இல்லை. போர்ச்சுகல் அதை ஒப்புக்கொண்டது 1974 டிசம்பர் இறுதியில். தாத்ரா, நாகர் ஹவேலியில் கதை மறுமாதிரி. 1954-இல் போர்ச்சுகீசியர் விரட்டப்பட்ட பிறகு 1961 வரை அங்கே உள்ளூர் நிர்வாகம் ஒன்று தனியாக நடந்தது. ஒரே துணைக்கண்டத்தில், ஏறத்தாழ ஒரே காலத்தில், மூன்று விதமான இடைவெளிகள். புதுச்சேரியில் இருந்த இடைவெளி மட்டும் இரு தரப்பும் கூடிப் பேசி உருவாக்கியது.

நாடுகள் ஒன்றையொன்று அங்கீகரிப்பதிலும் இந்தச் சொற்கள் நெடுங்காலம் ஆட்சி செய்தன. புரட்சிக்குப் பிந்தைய சோவியத் அரசை பிரிட்டன் 1921-இல் டி ஃபாக்டோவாக ஏற்றது. டி ஜூரேவாக ஏற்க 1924 வரை எடுத்துக்கொண்டது. ஆள்வது யார் என்பதை மறுக்க முடியாது, ஆனால் முழு மரியாதை தர மனம் வரவில்லை என்று சொல்வதற்கு இது நாகரிகமான வழி. இதன் விலையை எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசி கொடுத்தார். 1936-இல் இத்தாலி அவர் நாட்டைப் பிடித்துக்கொண்டது. அவர் இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார். கேபிள் அண்ட் வயர்லெஸ் நிறுவனம் எத்தியோப்பிய அரசுக்குத் தர வேண்டிய பணத்தைக் கேட்டு இலண்டனில் வழக்குப் போட்டார். பிரிட்டன் அப்போது இத்தாலியை டி ஃபாக்டோ ஆட்சியாக மட்டுமே ஏற்றிருந்தது, பேரரசர் இன்னும் டி ஜூரே மன்னர். எனவே முதல் நீதிமன்றத்தில் வென்றார். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, 1938 நவம்பரில், பிரிட்டன் இத்தாலியின் ஆட்சியை டி ஜூரேவாக ஏற்றுவிட்டது. அந்த ஏற்பு, டி ஃபாக்டோவாக ஏற்ற 1936-க்கே பின்னோக்கிச் செல்லும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி, பணத்தைக் கேட்கும் உரிமை அவருக்கு இல்லை என்று தீர்த்தது. சட்டத்தின் பார்வையில் ஒரு மனிதர் ஒரே மாதத்தில், அதுவும் முன்தேதியிட்டு, அரசுரிமையை இழந்துவிடலாம்.

இலங்கையில் வன்னிப் பகுதியை விடுதலைப் புலிகள் ஆண்ட ஆண்டுகளில் ஈழத்தமிழர் எழுத்துகளில் 'நடைமுறை அரசு' என்ற தொடர் புழங்கியது. 'டி ஃபாக்டோ அரசு' என்பதற்கு நேரான தமிழ். தனி நீதிமன்றங்களும் காவல்துறையும் கிளிநொச்சியில் இயங்கின. உலகின் எந்த நாடும் அதை அரசாக ஏற்கவில்லை. 2009-இல் அந்த நடைமுறை முடிந்தபோது, சட்டக் கண்ணில் முடிவுக்கு வர அங்கே எதுவுமே இருக்கவில்லை.

பெரிய அரசியலை விட்டு ஊர் நீதிமன்றத்துக்கு வந்தால், இந்த லத்தீன் இன்னும் அடிக்கடி காதில் விழும். கிரிமினல் வழக்கை நடத்துவது அரசு. வழக்கின் பெயரில் ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் குற்றம் சாட்டப்பட்டவர். அப்படியானால் அடிபட்டு, காவல் நிலையத்துக்கு நடந்துபோய்ப் புகார் எழுதிக்கொடுத்தவருக்கு என்ன பெயர்? சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுகளில் அவர் 'டி ஃபாக்டோ கம்ப்ளெய்னன்ட்'. புகார் உண்மையில் அவருடையது, வழக்கு சட்டப்படி அரசுடையது. ஜாமீன் மனு விசாரணையில் தன் பெயருக்கு முன்னால் இந்தச் சொல்லைப் பார்த்துத் தன்மேல்தான் ஏதோ குற்றம் சாட்டியிருக்கிறார்கள் என்று ஒருவர் பதறினால் அவரைக் குறைசொல்ல முடியாது.

இன்னொரு இடம் சிறுபிள்ளைகளின் சொத்து. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைச் சித்தப்பாவோ தாய்மாமனோ எடுத்து வளர்ப்பது ஊரில் வழக்கம். நீதிமன்றம் அவர்களைக் காப்பாளராக நியமிக்காத வரை அவர்கள் டி ஃபாக்டோ காப்பாளர்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, டி ஃபாக்டோ காப்பாளர் என்ற தகுதியை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் பிள்ளையின் சொத்தை விற்கவோ கைமாற்றவோ முடியாது என்கிறது. பிள்ளையின் படிப்புச் செலவுக்காகவே விற்றிருந்தாலும் அந்தக் கிரையம் நிற்காது. நிலம் வாங்குகிறவர்கள், பழைய பத்திரத்தில் இளவருக்காகக் கையெழுத்துப் போட்டவர் யார், எந்த உரிமையில் போட்டார் என்று பார்ப்பது இதனால்தான்.

எதிர்த் திசையில், நடைமுறைக்குச் சட்டம் தலைவணங்கும் இடமும் உண்டு. முறையாக நியமிக்கப்படாத ஒரு நீதிபதி சில ஆண்டுகள் தீர்ப்பு எழுதிவிட்டார், பிறகு அவர் நியமனமே செல்லாது என்று ஆகிவிட்டது. அவர் தந்த தண்டனைகளும் செல்லாதவையா? ஆந்திரத்திலிருந்து வந்த கோகராஜு ரங்கராஜு வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றம், செல்லும் என்றது. பதவிக்குரிய தோற்றத்தோடு, பொதுமக்கள் நம்பும்படி பதவியில் அமர்ந்து செய்த செயல்களை, நியமனக் குறைபாட்டைக் காட்டி ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தால் முடிவே இருக்காது. ஆங்கிலத்தில் இதை 'டி ஃபாக்டோ கோட்பாடு' என்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் கையெழுத்திட்ட அதிகாரியின் நியமனம் பின்னால் ரத்தாகிவிட்டால் சான்றிதழும் போய்விடுமோ என்று கவலைப்படுகிறவர்களுக்கு இந்தக் கோட்பாடு ஆறுதல். பதவி தனக்கு இல்லை என்று தெரிந்தே அதில் வந்து உட்காரும் ஆள்மாறாட்டக்காரருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

செய்தித்தாள் ஆங்கிலத்தில் இரண்டு சொற்களும் சட்டத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டன. தலைவர் ஒருவர் பதவியில் இருக்க, முடிவெடுப்பது அவருடைய உறவினர் என்றால் அந்த உறவினரை 'டி ஃபாக்டோ தலைவர்' என்று எழுதுகிறார்கள். பெண்ணுக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவியில் மனைவி வென்று, கணவர் கூட்டம் நடத்தினால் அவருக்கும் அதே பட்டம். யாரும் ஆணையிடாமலே எல்லோரும் பின்பற்றும் தொழில்நுட்ப முறைகளுக்கும் இந்த அடைமொழி உண்டு. இவற்றிலெல்லாம் 'நடைமுறையில்' என்ற தமிழ்ச் சொல்லே போதும். நீதிமன்ற ஆவணத்திலும் உடன்படிக்கையிலும் வரும்போதுதான் எந்தத் தேதி, எந்த உரிமை, யாருடைய கையெழுத்து என்ற கேள்விகளோடு இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கே இந்த வேறுபாடு இன்றும் பொருந்துகிறது. 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களால் நடத்தப்பட வேண்டியவை. 1968-க்குப் பிறகு முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவிக்கப்பட்ட தேர்தல் நடக்காமலே நின்றது. தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று மனு எழுதுகிறவர்கள் கொம்யூன் ஆணையருக்கு எழுதுகிறார்கள்.